நேரலைக் காட்சியும் அளவை நெறியும்

காங்கேசன்துறை வரவுகளாலும் புறப்பாடுகளாலும் அடையாளம் பெற்ற ஊர். மாருதப்புரவல்லியின் ஐதிகத்தோடு தொடர்புபட்ட முருகன் திருவுருவம் கடல்வழியே வந்திறங்கியமையால், கயாத்துறை என வழங்கிய இடம் காங்கேயன் துறையாயிற்று என்பது மரபுவழிச் செய்தி. 1905இல் நிறைவுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் அங்கேயே அமைந்தது. 1956 முதல் யாழ்தேவி அவ்வூருக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது. 1990 ஜூனில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர், புகையிரதமும் நின்றது, சீமெந்துத் தொழிற்சாலையும் ஓய்ந்தது. மீண்டும் புகையிரதம் அந்நிலையத்தை அடைந்தது 2015 ஜனவரி 2ஆந் திகதி. நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது 2023 ஒக்ரோபர் 14ஆந் திகதி. இவ்விடைக்காலத்தில் ஒரு தலைமுறை முழுவதும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் சென்னையிலும் பிறந்து வளர்ந்துவிட்டது.

அத்தலைமுறையினருட் பலருக்கு ஊர் என்பது கைத்தொலைபேசித் திரையில் வந்து சேர்வதாகும். ஆடி அமாவாசையையொட்டி நிறைவுறும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிற் பெருந்திருவிழா, கீரிமலைத் தீர்த்தம், உறவினரின் திருமணம், இறுதிக்கிரியை ஆகிய யாவும் இணையவழிக் காட்சியாகவே அவர்களை எட்டுகின்றன. இக்காட்சியை வழங்கும் தொழினுட்பத்தைப் பற்றிச் சொல்லப்படும் கூற்று எங்கும் ஒன்றே: “உடனுக்குடன், உயர்தரத்தில், தடையின்றி.” பிற இடங்களில் இது வர்த்தக விளம்பரம் மட்டுமே. ஊருக்குத் திரும்ப முடியாதவரும், இறுதிக்கிரியைக்கு நேரிற் போக இயலாதவரும் இக்கூற்றைக் கேட்கும்போது, அது ஒரு வாக்குறுதியாக மாறிவிடுகின்றது. வாக்குறுதியை ஆராயாது ஏற்பதும் ஆராயாது தள்ளுவதும் ஒரேவகைத் தவறுகளாம். அதனை அளந்தறிவதற்குரிய நெறி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அந்நெறியைத் தேடி வெளியே செல்லவேண்டியதில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவையியலை வகுத்து, பலவாகச் சொல்லப்படும் பிரமாணங்களைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாச முனிவர் அந்நூலுக்கு உரை கண்டவர்; ஆதலின் இம்மூன்று சொற்களும் இந்நாட்டுக் கல்விமரபிற் பழகிப்போனவை. பரம்பொருளை அறிதற்கு வகுத்த அளவைகளைக் கைத்தொலைபேசிக்குப் பயன்படுத்துதல் தகுமோ எனின், அளவை என்பது எதனையும் ஐயமும் திரிபும் நீக்கி அறிதற்குரிய கருவி என்பதே விடையாகும்.

1. கூற்றின் பின்புலம்

தொலைவிலுள்ள காட்சியைப் பெறுதல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இலும் இலங்கை ரூபவாஹினி 1982இலும் தொடங்கின. கடல்கடந்து வரும் தமிழக அலைகளைப் பிடிப்பதற்கு வீட்டுக்கூரைகளின்மேல் உயர்ந்த அன்ரெனாக்கள் எழுந்தன. காற்றும் பருவமும் இசைந்தால் படம் தெளியும். இசையாவிடின் திரை முழுவதும் வெண்புள்ளிகள் கொட்டும். 1990இன் பின் மின்சாரம் அற்றுப்போன காலத்தில் துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இம்மக்கள். புலம்பெயர்ந்தோர்க்கு ஊர்த் திருவிழாவும் திருமணமும் வீடியோ நாடாக்களாகக் கைமாறி, வாரங்களும் மாதங்களும் கழிந்தே சென்றன. இவ்வநுபவத்தோடு ஒப்பிடுமிடத்து இன்றைய நேரலை பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயின் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அன்ரெனாவின் குறையும் நாடாவின் தாமதமும் வெளிப்படையானவை. எவரும் அவற்றை மறைத்ததில்லை. இணையக் காட்சியின் குறைகளோ கூற்றின் சொற்களுக்குள் மறைந்துள்ளன. இணையவழி ஒலியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற ரியல்ஓடியோ 1995இல் வெளிவந்தது. யூரியூப் 2005இல் தோன்றியது. 1990களின் பிற்பகுதியில், தொலைபேசிக் கம்பியில் முத்திரை அளவான படம் தத்தித்தத்தி அசைந்துகொண்டிருந்த வேளையிலேயே, தொலைக்காட்சித் தரம் வந்துவிட்டது என்று விளம்பரம் பேசியது. தொழினுட்பம் பன்மடங்கு வளர்ந்தபின்பும் விளம்பரச் சொற்கள் ஏறத்தாழ அவையேயாக உள்ளன. சொல்லானது பொருளுக்கு முன்னே ஓடும் பழக்கம் இத்துறையின் பிறவிக்குணம் எனலாம்.

2. காண்டல்: கண்ணாற் கண்டதும் பொய்க்கும்

காட்சிக்குரிய தொழினுட்பத்தைக் காட்சியாலேயே நிறுவலாம் என்று எண்ணுதல் இயல்பு. செய்துகாட்டினான், கண்டோம், நம்பினோம். இவ்வெண்ணத்தின் பலவீனத்தைப் பிக்சலோன் என்னும் அமெரிக்கக் கம்பனியின் வரலாறு காட்டும். இணையத்தில் முழுத்திரையளவில், தொலைக்காட்சித் தரத்திற் காட்சியை அனுப்பும் முறை தன்னிடம் உண்டென அது பறைசாற்றியது. முதலீட்டாளர் கோடிக்கணக்கிற் பணம் தந்தனர். 1999 ஒக்ரோபரில் லாஸ்வேகஸ் நகரில், ஏறத்தாழ 16 மில்லியன் டொலர் செலவிற் புகழ்பெற்ற இசைக்குழுக்களைக் கூட்டி ஒரு பெருவிழா நடந்தது. அவ்விழாவை இணையத்திற் காட்டுவதே கம்பனியின் திறமைக்குச் சான்றாதல் வேண்டும். இணையத்தில் அதனைக் காண முயன்ற பலர் காணமுடியாது போயினர். மைக்கேல் ஃபென் என்ற பெயரில் உலவிய நிறுவனர், வர்ஜீனியா மாநிலத்தில் மோசடிக் குற்றத்திற்காகத் தேடப்பட்டுவந்த டேவிட் ஸ்ரான்லி என்பது 2000இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே கம்பனியும் வீழ்ந்தது.

இதனை ஒரு தனிமனிதனின் ஏமாற்றாக மட்டும் கொள்ளுதல் பயன் தராது. விழா மண்டபத்தில் இருந்தோர் கண்டது விழாவை, தொழினுட்பத்தையன்று. மேடையின் ஒளியும் பாடகரின் புகழும் ஆராயப்படவேண்டிய பொருளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதனையே திரிபுக் காட்சி எனல் வேண்டும். ஒன்று பிறிதொன்றாகத் தோன்றுவது அது.

மோசடி அற்ற இடத்திலும் காண்டல் பிழைபடும். எதனைக் காட்டி நிறுவுகிறார்கள் என்பது முதல் வினா. செய்தி வாசிப்பவரின் முகம் அசையாப் பின்னணியில் இருப்பது. கணத்துக்குக் கணம் மாறுவன உதடுகளும் இமைகளுமே. இணையக் காட்சியைச் சுருக்கும் முறைகள் யாவும், முன்கணத்திலிருந்து மாறாத பகுதியைத் திரும்பச் சொல்லாது விடுவதில் தங்கியுள்ளன. எனவே இத்தகைய காட்சி மிகச் சிறிதாகச் சுருங்கும். சுருங்கியும் அழகு குன்றாது. தேர்த் திருவிழாவோ இதற்கு நேர்மாறானது. ஆயிரம் தலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் அசைகின்றன, கர்ப்பூரப் புகை சுருள்கின்றது, தேர்ச்சீலைகள் படபடக்கின்றன, சிதறுதேங்காய்கள் உடைந்து தெறிக்கின்றன. முன்கணத்திலிருந்து மாறாத பகுதியென்று சொல்ல வானமும் கோபுரமும் தவிர ஏதுமில்லை. இவ்வேளையில்தான் படம் சதுரஞ்சதுரமாகச் சிதைகின்றது. முகங்கள் மெழுகுபோற் கரைகின்றன. புகை, புகையாக இல்லாது சாம்பற் படிக்கட்டாகத் தோன்றுகின்றது.

ஒலிக்கும் இது பொருந்தும். மேனாட்டு ஆய்வுகூடங்களில் ஒலிச்சுருக்க முறைகளைச் சோதிக்க, காஸ்ரனெற் என்னும் கைத்தாளக் கருவியின் கூர்மையான ஓசையைப் பயன்படுத்துவர். திடீரென எழும் அடியைச் சுருக்குவது கடினம். அடிக்கு முன்னரே அதன் நிழலோசை கேட்டுவிடும். தவிலின் வலந்தலையில் விழும் அடியும் அத்தகையதே. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை தப்பிவர, தவிலின் கூர்மை மழுங்கி வருதல் நேரலைகளிற் கேட்கக்கூடிய குறையாகும்.

ஆகவே காண்டலின் முதல் விதி இதுவாகும்: ஒரு கூற்றை, அது எளிதில் வெல்லும் இடத்தில் வைத்தன்று, மிகக் கடினமாக உழைக்கவேண்டிய இடத்தில் வைத்தே காணல் வேண்டும். கொழும்பு மண்டபத்திற் கம்பித் தொடர்போடு காட்டப்படும் செய்துகாட்டலினும், மாவிட்டபுர வீதியிற் பல்லாயிரவர் ஒரே கோபுரத்தின் அலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் தேர்நாட் காலையே உரிய சோதனைக்களம்.

3. கருதல்: எண்களின் சாட்சி

புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதலுக்குப் பழைய உதாரணம். இணையக் காட்சிபற்றிய கூற்றில் அவ்வாறு உய்த்துணர உதவுவன எளிய பெருக்கற் கணக்குகள். உயர்தரம் எனப் பெரிதும் சுட்டப்படும் படத்தில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள் உண்டு. புள்ளியொன்றின் நிறத்தைக் குறிக்க 24 பிற் எனவும், செக்கனுக்கு 25 படங்கள் எனவும் கொள்ளின், செக்கனுக்கு ஏறத்தாழ 1,244 மெகாபிற் தேவை. இணையத்தில் இத்தரத்துப் படம் 5 மெகாபிற் அளவில் அனுப்பப்படுவது வழக்கம். எனவே திரையை அடைவது மூலத்தின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு மாத்திரமே. எஞ்சிய 249 பங்கும் கண்ணுக்குப் பெரிதும் தெரியாதவாறு விடப்பட்டிருக்கின்றது.

இது தொழினுட்பத்தின் இழுக்கன்று, அதன் பெருமை. இச்சுருக்கத்தின் அடிப்படையான கணித உருமாற்றத்தை 1974இல் வெளியிட்டவர் நஸீர் அகமத், ரி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர். அவ்வடிப்படையின்மேல் எழுந்த எச்.264 என்னும் நியமம் 2003இலும், ஏவி1 என்பது 2018இலும் வெளிவந்தன. ஒவ்வொரு நியமமும் முன்னதிலும் குறைந்த அளவில் அதே தெளிவைத் தர முயல்வது. ஆயின் “உயர்தரம்” என்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் மட்டும் குறிப்பது, நூலின் தரத்தைப் பக்கங்களின் எண்ணிக்கையாற் குறிப்பதை ஒக்கும். 1080 என்ற எண்ணைத் தாங்கிய படம் 5 மெகாபிற் பெற்றதா, 1 மெகாபிற் மட்டுமே பெற்றதா என்று கேளாதவரை அவ்வெண்ணுக்குப் பொருளில்லை.

இனி “உடனடி” என்பதைக் கருதலாம். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. எனினும் இலங்கையை உலகோடு இணைக்கும் கடலடிக் கம்பிகள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை எனத் தெற்கிலும் மேற்கிலும் கரையேறுவன. 2006இல் தூத்துக்குடியிலிருந்து இடப்பட்ட கம்பியும் கல்கிசைக்கே வந்தது. வடகரையின் படம் தமிழகத்துக்குச் செல்வதற்கும் முதலில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே பயணம் செய்கின்றது. இச்சுற்றுவழி வரலாற்றையும் அரசியலையும் பற்றிப் பலவற்றை உணர்த்தும்; தாமதத்தைப் பொறுத்தவரை அது வெறும் இரண்டு மில்லிசெக்கன். ரொறன்ரோ வரை வழி 20,000 கிலோமீற்றர் என்று தாராளமாகக் கொண்டாலும் ஒளி செல்வதற்குச் செக்கனின் பத்திலொரு பங்கே வேண்டும். ஆயின் நேரலையில் தேர் அரை நிமிடம் பிந்தி அசைவதேன்?

காரணம் தூரத்தில் இல்லை, முறையில் உள்ளது. 2009இல் அப்பிள் கம்பனி வெளியிட்டதும், 2012இல் சர்வதேச நியமமாக வந்த பிறிதொன்றும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். காட்சியைச் சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் ஆக்கி வைப்பர். பார்ப்பவரின் கருவி தன் தொடர்பின் வேகத்துக்கு ஏற்ற தரத்தை ஒவ்வொரு துண்டுக்கும் தெரிவுசெய்யும். தொடர்பு இடையே தளர்ந்தாலும் படம் நில்லாதிருக்கும் பொருட்டு, சில துண்டுகளை முன்கூட்டியே சேமித்துக்கொண்டபின்னரே காட்டத் தொடங்கும். தொடக்கத்திற் பரிந்துரைக்கப்பட்ட துண்டின் நீளம் 10 செக்கன். பின்னர் அது 6 செக்கனாயிற்று. மூன்று துண்டுகள் சேமிக்கப்படின் முன்னதில் 30, பின்னதில் 18 செக்கன் பிந்துதல் தவிர்க்கவியலாதது. கமராவிலும் இடைநிலைக் கணினிகளிலும் செலவாகும் நேரம் இதற்கு மேலாகும்.

இதனை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வீதியில் நிற்கும் சகோதரி தொலைபேசியில், “தேர் இருப்பிடம் சேர்ந்துவிட்டது” என்கிறாள். ரொறன்ரோவிலுள்ள தமையனின் திரையில் தேர் இன்னும் தெற்கு வீதி திரும்பவில்லை. குரல் முந்திவிட்டது, காட்சி பிந்திவிட்டது. இரண்டும் பெரும்பாலும் ஒரே கடலடிக் கம்பியிலேயே செல்கின்றன. தொலைபேசி அழைப்பு சேமித்து வையாது, கிடைத்ததைக் கிடைத்தவாறே ஒலிப்பது. இடையில் ஒரு சொல் விழுங்கப்பட்டாலும் நின்று காத்திராது. நேரலை ஒன்றும் விழாதிருக்கும் பொருட்டு நேரத்தைக் கொடுத்து உறுதியை வாங்குகின்றது. காணொளி அழைப்பிற் கோயிலைப் பார்ப்பவர் அக்கணத்திலேயே காண்கிறார். ஆனாற் கலங்கலாகக் காண்கிறார். நேரலையிற் பார்ப்பவர் தெளிவாகக் காண்கிறார். ஆனாற் பிந்திக் காண்கிறார்.

இதிலிருந்து பெறப்படும் கருதல் பின்வருமாறு அமையும். குறித்தவோர் அளவான தொடர்பில் உடனடித்தன்மை, படத்தெளிவு, இடையறாமை என்னும் மூன்றும் ஒன்றையொன்று இழுப்பன. ஒன்றைக் கூட்டின் மற்றவற்றுள் ஒன்று குறையும். நேரலை வழங்கும் சேவைகள் தாமே குறைந்த தாமதத்தைத் தெரிவுசெய்யும் வசதியைத் தந்து, அவ்வாறு தெரிந்தாற் பார்ப்போருக்குக் காட்சி இடையிடையே நிற்கும் வாய்ப்பு மிகும் என எச்சரிப்பதுண்டு. 2024 நவம்பரில் நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஜேக் போல் – மைக் ரைசன் குத்துச்சண்டையை நேரலையாக வழங்கியபோது, 6 கோடி வீடுகள் பார்த்ததாக அறிவித்தது. சேமித்த படங்களை உலகெங்கும் வழங்குவதிற் பல்லாண்டு பழகிய அந்நிறுவனத்தின் காட்சியும் அன்றிரவு பலருக்கு நின்றுநின்றே சென்றது. பணமும் அநுபவமும் உடையோரையும் கட்டுப்படுத்தும் கணக்கு இது.

இம்மூன்றையும் இலவசமாகத் தருவதாகக் கூறுபவரிடம் கேட்கவேண்டிய வினாவை இன்னொரு வரலாறு கற்பிக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்லூற் என்னும் இலத்திரனியல் தொழினுட்பவியலாளர், முழுநீளத் திரைப்படம் ஒன்றை 8 கிலோபைற்றில் அடக்கலாம் என்றார். பிலிப்ஸ் நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரியான றோயல் பீப்பர் உட்படப் பலர் நம்பினர். 1999 ஜூலையில் ஒப்பந்தம் நிறைவேறுந் தறுவாயில் ஸ்லூற் காலமானார். முறையும் அவரோடு மறைந்தது. இரண்டு மணிநேரப் படம் 5 மெகாபிற் வேகத்தில் 4.5 கிகாபைற் ஆகும். அதனை மேலும் ஐந்து இலட்சம் மடங்குக்கு மேற் சுருக்குவதாக இக்கூற்று அமைகின்றது. தகவலுக்கு அளவுண்டு, அவ்வளவிற் கீழே இழப்பின்றிச் சுருக்கவியலாது என்பதை 1948இலேயே குளோட் ஷனன் நிறுவியிருந்தார். ஒருவேளை படத்தின் கூறுகள் யாவும் பார்ப்பவரின் பெட்டியில் ஏற்கெனவே இருந்து, 8 கிலோபைற் அவற்றைத் திறக்கும் சாவியாக மட்டும் இருந்திருக்கலாம். அங்ஙனமாயின் சாவி சிறிது, பெட்டகம் பெரிது. “சாவி எவ்வளவு?” என்று கேட்டவர்கள் “பெட்டகம் எங்கே?” என்று கேட்கவில்லை. எந்த அற்புதக் கூற்றிடமும் கேட்கவேண்டிய வினா இதுவே: மறைந்திருக்கும் பாரம் எங்கே உள்ளது? அதனைச் சுமப்பவர் யார்?

நேரலையிற் சுமப்பவர்கள் உளர். மூன்றுமணி நேரத் தேர்த்திருவிழாவை 5 மெகாபிற் வேகத்திற் பார்ப்பவருக்கு 6.75 கிகாபைற் செலவாகும். வரையறையற்ற இணைப்புள்ள ஒஸ்லோ வீட்டுக்கு அது பொருட்டன்று. முற்கொடுப்பனவு அட்டையிற் பார்க்கும் கிளிநொச்சி முதியவருக்கு அது ஒரு மாதத்துத் தரவாக இருத்தல் கூடும். கருவி அவருக்குக் கீழ்த்தரத்தையே தெரிந்தளிக்கும். “உயர்தரத்தில் ஒளிபரப்பப்பட்டது” என்பது அனுப்பியவரின் உண்மை. பெற்றவரின் உண்மை வேறு.

4. உரை: சொல்லுவார் சொல்

மூன்றாவது அளவை உரை. ஐயமும் திரிபும் அற, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் தகுதியுடையோன் வாக்கே பிரமாணமாகும் என்பது மரபு. பொருளை விற்பவனின் வாக்கு அவ்வகையில் அடங்காது. அதனால் அவ்வாக்கைத் தள்ளிவிடவேண்டும் என்பதில்லை; இலக்கிய மாணவர் பாடலை நோக்குவதுபோற் சொற்சொல்லாக நோக்குதல் வேண்டும். இத்தொழிலுக்குப் பொறியியலாளரினும் தமிழ் மாணவரே தகுதியுடையர் எனலாம்.

“நேரடி” என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இடையில் எவருமில்லை என்பது அதன் ஒரு பொருள். அக்கணமே என்பது அதனோடு ஒட்டிவந்த மற்றொன்று. “நேரலை” என்னும் புதுச்சொல்லும் இவ்விரு பொருளையும் ஏற்றது. கமராக்காரரின் தெரிவு, சுருக்கும் கணினி, கொழும்பிலும் கடல்கடந்தும் உள்ள சேமிப்பகங்கள், பார்ப்பவரின் கருவி என இடைநிற்போர் பலர். கழியும் செக்கன்களும் பல. சொல் இரண்டையும் ஒருங்கே மறுக்கின்றது. “வரை” என்னும் இடைச்சொல் இதனினும் நுட்பமானது. “100 மெகாபிற் வரை” என்பதில் எண் பெரிய எழுத்திலும் “வரை” சிறிய எழுத்திலும் அமையும். “வரை” மேலெல்லையைச் சுட்டுமேயன்றிக் கீழெல்லையைச் சுட்டாது. ஒரு மெகாபிற் கிடைத்தாலும் கூற்றுப் பொய்யாகாது. “தடையற்ற” என்பது எதிர்மறைப் பொருள் தரும் பெயரெச்சம். எத்தடை அற்றது, மின்தடையா, அலைத்தடையா, கட்டணத் தடையா என்பது சொல்லப்படவில்லை. “உடனடி” என்பதோ எந்நிகழ்விலிருந்து எந்நிகழ்வுவரை என்ற வினாவை எழுப்பவேண்டியது. பொத்தானை அழுத்தியவுடன் படம் தோன்றுதல் ஒரு விரைவு. தேர் அசைந்தவுடன் திரையில் அசைதல் பிறிதொரு விரைவு. முன்னதைச் சாதித்தவர் பின்னதையும் சாதித்தவராகத் தோன்றும்படி ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குகின்றது.

நம்பத்தகுந்த உரையும் உண்டு. ஒரு தொழினுட்பம் தோற்கும் இடத்தையும் கூறுபவர், எண்ணோடு நிபந்தனையையும் கூறுபவர், பிறர் தம் ஊரிலேயே சோதித்துப் பார்க்க இடமளிப்பவர் ஆகியோரின் வாக்குக் கொள்ளத்தக்கது. மேற்கூறிய நியமங்கள் யாவும் வெளிப்படையாக வெளியிடப்பட்டு, பலராற் சோதிக்கப்பட்டு நிலைத்தவை. பிக்சலோனும் ஸ்லூற்றும் இரகசியத்தைச் சான்றாகக் காட்டினர். இரகசியம் உரிமையாயிருக்கலாம்; பிரமாணமாகாது.

5. மதிப்பீடு

இதுவரை கூறியவற்றால் நேரலை பயனற்றதென்பது முடிவன்று. அதன்மேல் ஏற்றப்பட்ட சொற்களே மிகையானவை. முப்பது செக்கன் பிந்திய தேர், தேரே. மெழுகுபோற் கரைந்த முகமும், பேர்த்தியாரின் முகமென்று தெரிந்தவர்க்குப் பேர்த்தியாரின் முகந்தான். இறுதிக்கிரியையை இவ்வாறேனும் காணப்பெற்றவர் தாமதத்தின் செக்கன்களை எண்ணமாட்டார். பார்ப்பவரின் அன்பு படத்தின் குறைகளை நிரப்பிவிடுகின்றது. விளம்பரங்கள் வெல்வதற்கும் இதுவே காரணம். அன்பு நிரப்பியதைத் தொழினுட்பம் தந்ததாக அவை கணக்கெழுதிக்கொள்கின்றன.

ஆயின் அன்பால் நிரப்பமுடியாத இடமொன்றுண்டு. அது காலம். இன்று பார்ப்பவருக்கு அக்கலங்கற் படத்தில் யார் யார் நிற்கின்றனர் என்பது தெரியும். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. அவருக்குப் படத்தில் உள்ளது மட்டுமே உண்டு. பல இடங்களில் நேரலைக்குச் சென்ற சுருக்கப் பிரதியே நிகழ்ச்சியின் ஒரே பதிவாகவும் எஞ்சிவிடுகின்றது. நேரலைக்காகச் சுருக்கும்போது விடப்பட்ட 249 பங்கை எந்த விஞ்ஞானமும் பின்னர் மீட்டுத்தராது. அக்கணத்தில் மாவிட்டபுர வீதியிலிருந்த அலைநெருக்கடி, அவ்வாண்டுத் திருவிழாவின் நினைவை என்றென்றைக்கும் மங்கலாக்கிவிடுகின்றது.

யாழ்ப்பாணச் சமுதாயத்துக்கு இது சிறிய செய்தியன்று. 1981இல் நூலகத்தை எரியக் கண்டதும், 1990இல் வீட்டுப் படங்களையும் ஏடுகளையும் விட்டு வெளியேறியதும் இச்சமுதாயமே. 2005 முதல் நூலகம் நிறுவனம் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் சேர்த்துவருவது அவ்விழப்பின் உணர்விலிருந்து எழுந்த பணி. அச்சில் இருந்ததைக் காக்க முயலும் சமுதாயம், இன்று நிகழ்வதைக் குறைத்தரத்திற் பதிந்து திருப்தியடைதல் பொருந்தாது.

பரிகாரம் எளியது, செலவும் மிகுதியன்று. நேரலையை வழங்குவோர் கமராவிலேயே சுருக்கம் குறைந்த பதிவொன்றைத் தனியே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அலைநெருக்கடி அதனைத் தொடாது. நேரமும் அதனை விரட்டாது. திருவிழா முடிந்தபின், இரவின் ஓய்வான வேளையில் அது மெல்ல மெல்ல இணையத்தை அடையலாம். அல்லது கோயிலிலும் நூல்நிலையத்திலும் பேணப்படலாம். உடனடி வேண்டியவர்க்கு நேரலையும், உயர்தரம் வேண்டியவர்க்குப் பதிவும் என இரண்டாகப் பிரித்துவிடின், ஒரே பொருள் இரண்டையும் தருவதாகச் சொல்லும் கூற்றுக்குத் தேவையே எழாது. எவரெவர் படத்தில் உளர், எந்நாள், எவ்வீதி என்னும் குறிப்புக்களும் அப்பதிவோடு சேர்க்கப்படல் நன்று. அக்குறிப்பை எழுதத்தக்க முதியோர் குறைந்துவருகின்றனர்.

புதிய நியமங்கள் வரும். தாமதம் சில செக்கன்களாகக் குறையும். படம் இன்னும் தெளியும். ஒவ்வொரு முறையும் பழைய சொற்களே புதிதாக அச்சேறி வரும். அப்பொழுது கேட்கவேண்டிய வினாக்கள் மாறா. எவ்விடத்தில் வைத்துக் காட்டப்பட்டது, கணக்கு ஒத்துவருகிறதா, சொல்பவர் யார் என்பனவே அவை. அவற்றை முதலிற் கேட்கவேண்டிய களம் காட்சி மண்டபமன்று; ஒளியிழையும் அலையும் மெலிந்து, காண்போரின் ஏக்கம் மிகுந்த கரையோர ஊர்களேயாம். காங்கேசன்துறைத் தேர்க்காலையில் நின்று பிடிக்கும் கூற்றே வேறெங்கும் ஏற்கத்தக்க கூற்றாகும்.